மிஸ்கிட்டோ மகுடம்

நிகராகுவாவின் கரீபியக் கரையில் வாழும் மிஸ்கிட்டோ மக்களின் முதல் மகுடம் சரிகை வைத்த ஒரு தொப்பி. 1655இல் ஆங்கிலேயர் ஜமைக்காவைப் பிடித்த கொஞ்ச காலத்திலேயே ஓல்ட்மேன் என்ற தலைவர் இங்கிலாந்து போய் அதைப் பெற்றுவந்தாராம். 1699 வாக்கில் அங்கே போன ஓர் ஆங்கிலப் பயணி எழுதிவைத்த செய்தி இது. தொப்பியோடு ஒரு பட்டயமும் வந்தது. வழி தவறி வரும் ஆங்கிலேயருக்கு வாழைக்காயும் மீனும் ஆமைக்கறியும் கொடுத்து ஆதரிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மகன் ஜெரெமி இரண்டையும் பத்திரமாக வைத்திருந்தார்.

தலையில் மகுடம் இருந்தாலும் ஆட்சி ஒரே கையில் இல்லை. மன்னரைத் தவிர ஜெனரல், கவர்னர், பிற்பாடு அட்மிரல் என்று ஆளுக்கொரு பகுதியைப் பார்த்துக்கொண்டார்கள். பட்டங்கள் ஆங்கிலேயருடையவை, நடைமுறை மிஸ்கிட்டோக்களுடையது. சுற்றுவட்டாரத்தில் செல்வாக்குள்ள முதியவர்களைக் கூட்டிப் பேசாமல் இவர்கள் எந்தக் காரியத்திலும் இறங்குவதில்லை என்று 1757இல் பிரிட்டிஷ் கண்காணிப்பாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன் எழுதினார். வேண்டாம் என்று மறுக்கலாமே தவிர, ஊரை மீறி உத்தரவு போட முடியாது. மகுடத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தக் கட்டுப்பாடுதான்.

1825இல் மிஸ்கிட்டோ மன்னர் ராபர்ட் சார்லஸ் ஃப்ரெடெரிக்குக்குப் பெலீஸ் நகரத் தேவாலயத்தில் முடிசூட்டினார்கள். தொப்பி போய், தங்க முலாம் பூசிய வெள்ளிக் கிரீடம் வந்திருந்தது. வாளும் செங்கோலும் உடன். மன்னர் பிரிட்டிஷ் மேஜரின் சீருடையில் இருந்தார், தலைவர்கள் மாலுமிகளின் கால்சட்டையில். ஹென்றி டன் என்ற ஆங்கிலேயர் இந்தச் சடங்கை ஏளனம் செய்து எழுதியிருக்கிறார். அந்த ஏளனம் நியாயமற்றது. ஸ்பெயினை அண்டவிடாமல் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கரையைக் காத்துக்கொண்டவர்கள் மிஸ்கிட்டோக்கள். வெள்ளைக்காரர் கொடுத்த கிரீடம் அந்தக் காவலுக்கு ஒரு கருவி.

கொடுத்தவர்களே பிறகு கைவிட்டார்கள். 1860இல் மானாகுவா உடன்படிக்கையில் பிரிட்டன் தன் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. மன்னர் பட்டம் ‘தலைவர்’ என்று சுருங்கியது. 1894 பிப்ரவரியில் நிகராகுவாப் படை அந்தக் கரையிலுள்ள ப்ளூஃபீல்ட்ஸ் நகருக்குள் நுழைந்தது. கடைசித் தலைவர் ராபர்ட் ஹென்றி கிளாரென்ஸ் நாட்டைவிட்டு வெளியேறி 1908இல் ஜமைக்காவில் இறந்தார்.

பரம்பரை அதோடு முடிந்தாலும், ஊர்ப் பிரச்சினைகளைத் தீர்த்துவைக்கும் ‘விஹ்தா’ என்ற கிராமத் தலைவர் இருந்துகொண்டே இருந்தார். 2009 ஏப்ரலில் முதியோர் சபை ஒன்று மிஸ்கிட்டோக்களின் கரையான மொஸ்கிட்டியாவைத் தனி நாடு என்று அறிவித்தபோது, யாருக்கும் முடிசூட்டவில்லை. ஹெக்டர் வில்லியம்ஸைப் பெரிய விஹ்தாவாக நியமித்தது. நிகராகுவா அரசு அந்த அறிவிப்பை ஏற்கவில்லை.