பரணில் இருக்கும் தேசிங்கு

1714இல் போரில் மடிந்த நம் செஞ்சி தேசிங்கைப் பற்றி, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வந்தது; இசை ஜி. ராமநாதன். அந்தக் காலத்து இசைத்தட்டுகள் உங்கள் பரணிலும் இருக்கலாம்.

1908 முதல் கல்கத்தாவில் அச்சான 78 சுழற்சி அரக்குத் தட்டுகளில் கல்தூள் உண்டு. தேய்வது எஃகு ஊசிதான்; பக்கத்துக்கு ஒன்று மாற்றுவார்கள். பின்னால் வந்த வினைல் தட்டு மென்மையானது. ஊசி தாவினால், டோன் ஆர்ம் மேல் நாலணா வைத்தார்கள் பலர். தாவல் நின்றது, பாட்டு தேய்ந்தது. (நாலணாவுக்கு இது அதிக விலை!)

அந்த நாணயம் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆர்ம் தடையின்றி அசைகிறதா பாருங்கள். பழைய கிரீஸ் மூட்டில் இறுகியிருக்கும். பின்னால் எடைக்குண்டு இருந்தால், ஆர்ம் அந்தரத்தில் சமமாக நிற்கும்வரை திருகி, பிறகு உங்கள் ஊசிக்குக் குறித்த கிராம் மட்டும் ஏற்றுங்கள். 78 தட்டுக்கு அகல முனை ஊசி தனியாக வேண்டும்.