பென்ஷனுக்கு ஏன் வரி?

"முப்பது வருஷம் உழைத்தபோது சம்பளத்துக்கு வரி கட்டினோம், சரி. பென்ஷனுக்கும் ஏன் கட்ட வேண்டும்?" நம் ஓய்வூதியர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. விடை பழைய சட்டங்களில் இருக்கிறது.

1857 கிளர்ச்சிக்குப் பின் காலியான கஜானாவை நிரப்ப, 1860-ல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். அன்றைய சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் அதைக் கடுமையாக எதிர்த்தார். தன் எதிர்ப்பைப் பத்திரிகையிலும் வெளியிட்டார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வில்சனோ அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். ஐந்தாண்டுக்கென்று வந்த வரி 1865-ல் முடிந்தது. அதை நீட்டிக்காமல் விட்ட நிதி உறுப்பினர் யார் தெரியுமா? அதே டிரெவெல்யன்தான்!

பிறகு வந்த 1886 சட்டம் வருமானத்தை நான்கு வகையாகப் பிரித்தது. முதல் வகையிலேயே சம்பளம், பென்ஷன், கிராஜுவிட்டி மூன்றும் ஒன்றாக இருந்தன. 1961 சட்டமும் பென்ஷனைச் சம்பளத்தோடுதான் சேர்த்தது.

இதைப் பாதகம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையொட்டியதே: பென்ஷன் என்பது அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, செய்த வேலைக்கான உரிமை. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். தானமாக இருந்திருந்தால் வரி இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கும் உரிமையும் இருந்திருக்காது.

சலுகை இல்லாமலும் இல்லை. அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது வாங்கும் கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் தொகை, விடுப்புச் சம்பளம் மூன்றுக்கும் முழு வரிவிலக்கு உண்டு. ஆனால் கம்யூட் செய்த பகுதி 15 ஆண்டுக்குப் பின் மீண்டும் மாதப் பென்ஷனில் சேரும்போது அதற்கும் வரி உண்டு. எழுபத்தைந்தை நெருங்குபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் என்ற பெயரால் நமக்கு வந்த லாபம் நிலையான கழிவு. 1974-ல் வந்தது, 2005 பட்ஜெட்டில் போனது, 2018-ல் 40,000 ரூபாயாகத் திரும்பியது. பணியில் இருப்பவர்கள் அதற்காகப் போக்குவரத்துப் படி, மருத்துவச் செலவுச் சலுகைகளை இழந்தார்கள். நமக்கு இழக்க எதுவும் இல்லை. வந்தது முழுதும் லாபம். அடுத்த ஆண்டே அது 50,000 ஆனது. 2024 முதல் புதிய வரிமுறையில் 75,000.

இனிதான் முக்கியமான விஷயம். நமக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் சட்டப்படி சம்பளம் அல்ல. அவர் அரசிடம் வேலை பார்க்கவில்லையாம்! அது 'இதர வருமானம்'. கழிவு, பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. புதிய முறையில் அந்த உச்சவரம்பு 25,000. பென்ஷனும் குறைகிறது, கழிவும் குறைகிறது.

அவர் அலுவலகத்தில் வேலை பார்க்கவில்லைதான். ஆனால் நம்மை முப்பது வருஷம் நேரத்துக்கு அலுவலகம் அனுப்பியது யார்? சங்கங்கள் அடுத்த மனுவில் இதைச் சேர்க்கட்டும். அதுவரை, ரிட்டர்ன் போடும்போது மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.