ரசீது இல்லாத அறுபது லட்சம்



நம்மூர் கள்ளபிரான் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலதூஷகன் என்ற திருடன், திருடியதில் பாதியை வைகுண்டநாதனுக்குக் கொடுத்து வந்தான். அரண்மனையில் கைவைத்தபோது ஆபத்து வந்தது. அவனுக்குப் பதிலாகப் பெருமாளே திருடன் வடிவில் அரசன் முன்னால் போய் நின்றார். நான் காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து, ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் ஊர் என்று இங்கே வந்து குடியேறியவன். இந்தக் கதையை முதல் தடவை கேட்டபோது என் குமாஸ்தா புத்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டது. பாதிப் பங்கு வாங்கியவர், பொறுப்பை ஏற்கவும் வந்தாரே! அலுவலகத்தில் இருந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

இன்று எழுதப் போவது, யாருமே பொறுப்பேற்க வராத ஒரு கதை. நம் வயதுக்காரர்களுக்கு நகர்வாலா வழக்கு என்றால் ஞாபகம் வரும்.

1971 மே 24, திங்கட்கிழமை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மார்ச்சில் இந்திரா காந்தி பெரிய வெற்றி பெற்றிருந்தார். அதே மார்ச் கடைசியில் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் இறங்கி, அகதிகள் லட்சக்கணக்கில் எல்லையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். டில்லி ஏதோ இரகசியமாகச் செய்கிறது என்று டீக்கடையில்கூடப் பேச்சு.

அன்று நண்பகல் வாக்கில், டில்லி பார்லிமெண்ட் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கியின் தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்கு ஒரு டெலிபோன் வந்தது. பிரதமரின் செயலாளர் ஹக்ஸர் பேசுவதாக ஒரு குரல். பிறகு பிரதமரே பேசுவதாக இன்னொரு குரல். வங்கதேசம் சம்பந்தமான இரகசிய வேலைக்கு 60 லட்சம் ரூபாய் உடனே வேண்டும். ஓர் ஆள் வந்து 'வங்கதேசத்து பாபு' என்று சொல்வான், 'பார்-அட்-லா' என்று பதில் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் உத்தரவு.

மல்ஹோத்ரா பணத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்லி, வங்கிக் காரில் தாமே எடுத்துக்கொண்டு போனார். சொன்ன இடத்தில் உயரமான ஒருவர் வந்து, சொன்ன வார்த்தையைச் சொல்லி, பணத்தோடு டாக்ஸியில் ஏறினார். பிரதமர் வீட்டில் ரசீது வாங்கிக்கொள்ளும்படி மல்ஹோத்ராவிடம் சொல்லிவிட்டுப் போனார். இவரும் ரசீதுக்காகப் பிரதமர் வீட்டுக்குப் போனார், அங்கே இல்லை என்று பார்லிமெண்டுக்குப் போனார். கடைசியில் ஹக்ஸரைப் பார்த்தபோது, "நாங்கள் யாரும் பேசவில்லையே, உடனே போலீசுக்குப் போங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. இதற்கிடையில் வங்கியில் அவருக்குக் கீழே இருந்த ஓர் ஊழியர், வவுச்சர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு என் நமஸ்காரம்.

அன்று இரவே ஆளைப் பிடித்துவிட்டார்கள். பெயர் ருஸ்தம் சொஹ்ராப் நகர்வாலா. முன்னாள் ராணுவ கேப்டன். சில ஆயிரம் ரூபாய் தவிர முழுப் பணமும் கிடைத்துவிட்டது. ஹக்ஸர் குரலிலும் இந்திரா குரலிலும் நானே பேசினேன் என்று ஒப்புக்கொண்டார். மே 27-ஆம் தேதி, அதாவது மூன்றே நாளில், நாலு வருஷக் கடுங்காவல் தண்டனையும் விதித்தாகிவிட்டது. நம்மூரில் ஒரு வரப்புத் தகராறு எத்தனை வருஷம் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

பிறகு நகர்வாலா மறுவிசாரணை கேட்டார். நவம்பரில், வழக்கைப் புலனாய்வு செய்த இளம் போலீஸ் அதிகாரி கஷ்யப் சாலை விபத்தில் இறந்தார். 1972 மார்ச்சில், காவலில் இருந்தபடியே ஆஸ்பத்திரியில் நகர்வாலா மாரடைப்பில் இறந்தார். ஊர் வாயை மூட முடியுமா? பிரதமரின் கணக்கில் வராத பணம் வங்கியில் இருந்தது என்றார்கள். உளவுத்துறை வேலை என்றார்கள். பார்லிமெண்டிலும் கேள்வி மேல் கேள்வி.

1977-ல் ஜனதா ஆட்சி வந்ததும், சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பி. ஜகன்மோகன் ரெட்டி தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். இந்திராவின் மேல் ஏதாவது கிடைக்காதா என்று ஆட்சியில் இருந்தவர்கள் எதிர்பார்த்த காலம் அது. 1978-ல் அறிக்கை வந்தது. புலனாய்வில் இருந்த ஓட்டைகளைக் கமிஷன் எடுத்துக் காட்டியது. ஆனால் பேசியது இந்திராதான் என்றோ, பணம் அவருடையது என்றோ நிலைநாட்டவில்லை. முக்கியமான சாட்சி ஆறு வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டார். காகிதமோ முதலிலிருந்தே கிடையாது. கமிஷன் எதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்?

இங்கே நான் என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1977 நவம்பர் புயல் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தையே புரட்டிப் போட்டது. நிவாரணச் சாமான் ஏற்றிய லாரிகளுக்கு வாடகை பில் ஒன்று என் மேசைக்கு வந்தது. "பாஸ் பண்ணுங்க, ஆர்டர் பின்னாலே வரும்" என்று மேலதிகாரி வாயால் சொன்னார். பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த பையன், "சாங்ஷன் ஆர்டர் எங்கண்ணே?" என்று கேட்டான். "உன் வேலையைப் பாருப்பா" என்று அதட்டினேன். ஆர்டர் வரவேயில்லை. ஆடிட்தான் வந்தது. அதற்குள் மாற்றலாகிப் போயிருந்த அதிகாரி, தாம் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு வருஷ இன்க்ரிமெண்ட் போயிற்று. பணம் போனதைவிட, அந்தப் பையன் முகத்தைப் பார்க்கக் கூசியதுதான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே மல்ஹோத்ராவை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கும் வேலை போயிற்று.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். பாரீசில் இருந்த என் அத்தை மகன் பழைய லெ மோந்து பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக அனுப்பி வைப்பான். 1985 ஜூலை 10 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில், அணுகுண்டுச் சோதனையை எதிர்த்த கிரீன்பீஸ் கப்பலை பிரெஞ்சு உளவுத்துறை குண்டு வைத்து மூழ்கடித்தது. ஒரு போட்டோகிராபர் இறந்தார். இரண்டு உளவாளிகள் மாட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? வாடகைக்கு எடுத்த வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த இடத்தில். அரசாங்கம் போட்ட முதல் விசாரணை, அரசாங்கத்தின் மேல் தப்பில்லை என்றது. செப்டம்பரில் பத்திரிகைகள் உண்மையை உடைத்ததும் ராணுவ மந்திரி எர்னு ராஜினாமா செய்தார். உளவுத்துறைத் தலைவர் அட்மிரல் லகோஸ்தின் பதவி பறிபோயிற்று. ஜனாதிபதி மித்தரான் 1995 வரை ஆண்டுவிட்டுத்தான் இறங்கினார். ஜனாதிபதியிடம் தாமே நேரில் அனுமதி வாங்கியதாக லகோஸ்த் எழுதி வைத்த குறிப்பு, 2005-ல்தான் வெளியே வந்தது. அப்போது மித்தரான் இறந்து ஒன்பது வருஷம்.

அமெரிக்காவில், ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தை நிகராகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்டது 1986-ல் வெளிப்பட்டது. ஜனாதிபதி ரீகனிடம் சொல்லாமல் நானே முடிவு செய்தேன் என்று அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டர் சாட்சி சொன்னார். படி வழுக்கினால் கீழ்ப்படியில் நிற்பவன் மேல்தான் எல்லாரும் விழுவார்கள்.

இரகசியச் செலவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் சர்க்காரிலும் இரகசியச் செலவு உண்டு. ஆடிட்டுக்கு அதன் விவரம் போகாது. ஆனால் அதற்கென நியமித்த அதிகாரி, சரியாகச் செலவானது என்று கையெழுத்துப் போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். அதாவது, என்ன செய்தோம் என்பதை மறைக்கலாம், யார் செய்தது என்பதை மறைக்கக் கூடாது. குமாஸ்தாவாக இருந்து நான் கற்றுக்கொண்ட அரசியல் சாசனம் இவ்வளவுதான்.

இந்திரா காந்தி அந்த டெலிபோனில் பேசினாரா? பேசினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. இல்லாததை நான் எழுத மாட்டேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது மட்டுமல்ல என்று இந்த வயதில் தோன்றுகிறது. ஒரு குரலைக் கேட்டதும், கையெழுத்து இல்லாமல், வவுச்சர் இல்லாமல், 60 லட்சம் ரூபாயை எடுத்துக் கொடுப்பது இயல்பான காரியம் என்று ஓர் அனுபவமுள்ள தலைமைக் காசாளருக்கு எப்படித் தோன்றியது? "மேலிடம் சொன்னால் கேள்வி கேட்காதே" என்ற காற்று அந்த ஊரில் எவ்வளவு பலமாக வீசியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ரசீது தேவையில்லை, டெலிபோன் ரெக்கார்டும் தேவையில்லை. ஆட்சி செய்தவர்கள் பதில் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

பிரெஞ்சில் பொறுப்பு என்பதற்கு உள்ள சொல், பதில் சொல்வது என்ற சொல்லிலிருந்து வந்தது என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். நம் தமிழில் அது 'பொறு' என்பதிலிருந்து வருகிறது, சுமப்பது. பதிலும் சொல்ல வேண்டும், சுமக்கவும் வேண்டும். நம்மூர் பெருமாள் அரசன் முன்னால் போய் நின்று இரண்டையும் செய்தார் என்றுதான் கதை.

லாரி பில்லுக்கு ஆர்டர் கேட்ட அந்தப் பையனும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். போன மாதம் குடும்பத்தோடு நவதிருப்பதி சேவிக்க வந்தவன் எங்கள் வீட்டுக்கும் வந்தான். காபி குடிக்கும்போது, "அன்னைக்கு நீ கேட்டதுதான் சரி, நான் அதட்டினது தப்பு" என்று சொன்னேன். "எதைண்ணே சொல்றீங்க?" என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை. எனக்குத்தான் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதைச் சொல்ல.