சல்லடைக்குள் ஒரு சுடர்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கண்டாலும், இதனால் யார் பிழைத்தார்கள், இதற்கு முன்னால் யார் மாண்டார்கள் என்று கேட்கத் தோன்றும். பெட்ரோல் கிடங்குகளிலும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும் மின்சார ஸ்விட்சுகளைக் கனத்த உலோகப் பெட்டிகளுக்குள் வைத்து, சுற்றிலும் போல்ட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். வெறும் பெட்டிதானே என்று தோன்றும். ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில், இருட்டில் தொடங்குகிறது.

நிலக்கரியின் இடுக்குகளில் மீதேன் வாயு ஒளிந்திருக்கிறது. வெட்ட வெட்ட அது கசியும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்துவிட்டால் ஒரு மெழுகுவர்த்தி போதும், சுரங்கமே வெடித்துவிடும். ஆனால் வெளிச்சம் இல்லாமல் கரி வெட்டுவது எப்படி? அழுகும் மீன் தோலிலிருந்து வரும் மங்கிய ஒளியில்கூட வேலை செய்து பார்த்தார்கள். கார்லைல் ஸ்பெடிங் என்பவர், எஃகுச் சக்கரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லில் உரசவிட்டு, பறக்கும் பொறிகளின் ஒளியில் வேலை செய்ய ஒரு யந்திரம் அமைத்தார். அவரே 1755-ல் சுரங்க வெடிப்பில் உயிரிழந்தார்.

1812-ம் ஆண்டு மே 25-ந் தேதி, வட இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற ஊரின் சுரங்கம் வெடித்தது. பெரியவர்களும் சிறுவர்களுமாக 92 பேர் மாண்டார்கள். இத்தகைய செய்திகள் வெளியே பரவுவதைச் சுரங்க முதலாளிகள் விரும்பமாட்டார்கள். ஆனால் ஜான் ஹாட்ஜ்சன் என்ற பாதிரியார் அந்த ஏழைகளை அடக்கம் செய்ததோடு நிற்கவில்லை. நடந்ததையெல்லாம் எழுதி அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். பலருடைய மனச்சாட்சி விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு இதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. கடைசியில் வேண்டுகோள் பிரசித்தி பெற்ற விஞ்ஞானி ஸர் ஹம்ப்ரி டேவியிடம் போயிற்று.

டேவி 1815-ன் பிற்பகுதியில் சில மாதங்களுக்குள் விடை கண்டார். விளக்கின் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. சதுர அங்குலத்துக்கு 784 துளைகள். காற்றும் வாயுவும் தாராளமாக உள்ளே போகலாம். ஆனால் சுடர் வெளியே வர முயன்றால், உலோகம் அதன் சூட்டை உறிஞ்சிக்கொண்டுவிடும். சுடர் துளையைத் தாண்டுமுன் அணைந்துபோகும். சல்லடையில் தண்ணீர் நிற்காது; நெருப்பு நின்றுவிட்டது! இதற்குக் காப்புரிமை பெற்றுப் பணம் சேர்க்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். டேவி மறுத்துவிட்டார். அதே சமயத்தில், பின்னால் ரயில் எஞ்சினால் புகழ் பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்ஸன் என்ற சுரங்கத் தொழிலாளியும் தம் வழியில் ஒரு விளக்குச் செய்திருந்தார். யார் முந்தியவர் என்று பெரிய சண்டையே நடந்தது.

சுபம் என்று எழுதிக் கதையை இங்கேயே முடித்திருப்பேன், கணக்குப் புஸ்தகம் குறுக்கே வராவிட்டால். விளக்கு வந்த 1816-க்கு முந்திய பதினெட்டு ஆண்டுகளில் டர்ஹாம், நார்த்தம்பர்லாந்து சுரங்கங்களில் மாண்டவர்கள் 447 பேர். பிந்திய பதினெட்டு ஆண்டுகளில் 538 பேர்! காரணம் விளங்கவில்லையா? வாயு மிகுந்ததென்று முன்பு கைவிட்ட ஆழங்களுக்கெல்லாம், "விளக்குத்தான் இருக்கிறதே" என்று ஆட்களை இறக்கினார்கள். வெளியிடத்து நல்ல காற்றை உள்ளே செலுத்தப் பணம் வேண்டும், விளக்கு மலிவு. வலையோ வெளிச்சத்தைக் குறைத்தது. கூலிக்காக வெட்டுகிறவன், கண் தெரியவில்லையே என்று சில சமயம் வலையைக் கழற்றிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நூறு ஆண்டுகள் சென்றன. வேல்ஸ் நாட்டில் செங்கனித் என்ற ஊரின் சுரங்கத்தில் 1901-ல் ஒரு வெடிப்பு. 81 பேர் மாண்டார்கள். 1913 அக்டோபர் 14-ந் தேதி அதே சுரங்கம் மீண்டும் வெடித்தது. இம்முறை மாண்ட தொழிலாளிகள் 439 பேர். பொறி எங்கிருந்து வந்தது என்று விசாரணையில் அறுதியிட முடியவில்லை. ஆனால் சமிக்ஞை கொடுக்கும் மின்சார மணியின்மேல் பலமான சந்தேகம் விழுந்தது. சட்டப்படி செய்யவேண்டிய சில காரியங்களைச் செய்யவில்லை என்று மானேஜருக்கு விதித்த அபராதம் 24 பவுன். வகுத்துப் பாருங்கள்: ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்குக்குச் சற்று அதிகம்!

அதன் பிறகுதான் மணியின் சிறு பொறியைக்கூட விஞ்ஞானிகள் தீவிரமாக ஆராய்ந்தார்கள். வாயுவைப் பற்றவைக்கச் சக்தியில்லாத அளவுக்கு மின்சாரத்தையே குறைத்துவிடுவது ஒரு வழியாயிற்று. மற்றொரு வழி, ஜெர்மனியில் பெய்லிங் என்பவர் முன்பே ஆராய்ந்திருந்த கனத்த பெட்டி. வாயு உள்ளே புகாமல் அது தடுக்கிறது என்று நினைக்காதீர்கள். வாயு புகலாம், உள்ளே வெடிக்கவும் செய்யலாம். ஆனால் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள மயிரிழை போன்ற இடைவெளியில் வெளியேறுவதற்குள் ஜ்வாலை குளிர்ந்துவிடும். டேவியின் சல்லடைத் தத்துவமேதான்!

அந்த மூடியில் ஒரே ஒரு போல்ட்டை முடுக்காமல் விட்டாலும் இடைவெளி அகன்றுவிடலாம். பெட்டியை நம்ப முடியாது. பழுது பார்ப்பவன் எல்லாப் போல்ட்டுகளையும் மாட்டி முடிக்கும்வரை, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டாமல் மேலதிகாரி காத்திருக்கவேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுக்க மனமில்லாத இடத்தில் டேவியே மீண்டும் பிறந்து வந்தாலும் என்ன செய்ய முடியும்?