கட்டிப்போட்டால் குட்டி போடும்: ஊவா லயங்களின் தகரத் தோட்டம்

பதுளையிலிருந்து பசறைக்கும் மடுல்சீமைக்கும் ஏறிச் செல்லும் மலைப்பாதையில் பயணம் செய்வோர், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைச் சரிவுகளைக் கண்டு வியப்பதுண்டு. அச்சரிவுகளின் மடிப்பில் நீண்டு கிடக்கும் லயங்களை நோக்குவோர் மிகச் சிலரே. லயத்தின் இஸ்தோப்பு விளிம்பில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் தகரப் பேணிகளை நோக்குவோர் அவரினும் சிலர். துருவேறிய பால்மாப் பேணி, அடி ஓட்டையான அலுமினியக் குண்டான், காது உடைந்த எனாமல் கோப்பை, பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரம் ஆகியவற்றுள் கற்றாழையும் ரணகள்ளியும் கற்பூரவல்லியும் பத்துமணிப் பூவும் செழித்து நிற்கின்றன. சாறு நிறைந்த தண்டும் தடித்த இலையும் கொண்ட செடிகளை வீட்டில் கழித்த பாத்திரங்களில் அழகுற அமைப்பது இன்று உலகெங்கும் ஒரு பொழுதுபோக்குக் கலையாகப் போற்றப்படுகிறது. ஊவாவின் லயங்களில் அது பொழுதுபோக்காகத் தோன்றவில்லை, நிலமின்மையிலிருந்து தோன்றியது.

அந்நிலமின்மையின் வரலாறு கோப்பியோடு தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊவா மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவின. தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து நடந்தே மலையேறினர். கண்டிச் சீமைக்கும் அப்பால் இருந்த ஊவாவை அடைவது அப்பயணத்திலும் நீண்ட பயணம். 1869 ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் இதே மடுல்சீமைப் பகுதியிலேதான். கோப்பி மாண்டது, தேயிலை வந்தது. ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்ட 1886 ஆம் ஆண்டளவில், தேயிலை மலைமுகடுகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பயிர் மாறியதே அன்றிக் குடியிருப்பு மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பரா ஒன்று, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, அதற்கு முன்னே கானு, கானுக்கு அப்பால் தேயிலை: இதுவே ஒரு குடும்பத்தின் உலகம்.

காம்பரா தொழிலோடு கட்டப்பட்டது. பெயர் பதிவிலிருந்து நீங்கினால் கூரையும் நீங்கும். வாசலில் உள்ள மண் தோட்டத்துக்கு உரியது. அதில் ஊன்றிய செடியும் ஒருவகையில் தோட்டத்துக்கே உரியது. பேணியில் வைத்த செடியோ வைத்தவருக்கு உரியது. தொங்கல் காம்பராவிலிருந்து நடுக்காம்பராவுக்கு மாறும்போதும், ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டத்துக்குப் பெயர் பதியப் போகும்போதும், சட்டி பானையோடு அதையும் தூக்கிச் செல்லலாம். வேலையின் பெயரால் மனிதரை ஓரிடத்தில் இருத்தி வைத்த ஏற்பாட்டில், நகர்த்தக்கூடிய தோட்டம் ஒன்றை அம்மக்கள் அமைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

தகரம் இவர்களுக்குப் புதிய பொருள் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் அடையாள எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் அணிந்தே தொழிலாளர் இலங்கைக்கு வந்தனர். வந்த இடத்தில் கூரையும் தகரம். தண்ணீர் சுமக்கும் வாளியும் தகரம். ஏறக்குறைய நான்கு கலன் கொள்ளும் சதுர மண்ணெண்ணெய்த் தகரம் எங்கும் பரவியது. 1924 ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை பதுளையை எட்டிய பின்னர், நகரக் கடைகளின் பேணிப் பண்டங்களும் எளிதாக மலையேறின. கட்டிப்பால் பேணியும் பிஸ்கட் தகரமும் காலியானபின் எறியப்படுவதில்லை. முதலில் அளவைப் பாத்திரமாகும், பின் விளக்காகும். ஒழுகத் தொடங்கியபின் செடிக்கு உரியதாகும். ஒழுகும் பாத்திரமே செடிக்கு நல்ல பாத்திரம் என்பது இங்கே தற்செயலாகக் கிடைத்த நன்மை.

இனிச் செடிகளைப் பார்ப்போம். இவற்றுட் பெரும்பாலானவை அம்மக்களைப் போலவே கடல் கடந்து வந்தவை. கற்றாழை அரேபியப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் பழகி, வாசல்நிலையில் வேர் மேலாகக் கட்டித் தொங்கவிடும் செடியாயிற்று. மண்ணும் நீரும் இன்றி அந்தரத்தில் மாதக்கணக்காக உயிர்தரிக்கும் அதன் இயல்பே கண்ணேறு கழிக்கும் ஆற்றலாகக் கருதப்பட்டது. பத்துமணிப் பூ தென்னமெரிக்கச் செடி. வெயில் ஏறினால் விரியும், பொழுது சாய்ந்தால் சுருங்கும். துவையலுக்காகவே வளர்க்கப்படும் பிரண்டை நம் நாட்டுக்கு உரியது.

இவற்றுள் ரணகள்ளிக்குத் தனிச்சிறப்பு உண்டு. மடகாஸ்கர்த் தீவில் தோன்றிய அச்செடி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இந்தியத் தோட்டங்களில் இடம்பெற்று, விரைவில் தானே பரவிக் காட்டுச்செடியைப்போல் ஆயிற்று. சிங்களத்தில் அதனை அக்கபான என்பர். தமிழ் மக்கள் இட்ட பெயரோ மிக அழகியது: ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’. ஓர் இலையைப் பறித்து நூலிற் கட்டிச் சுவரில் தொங்கவிட்டால், இலை விளிம்பின் ஒவ்வொரு கணுவிலும் வேரும் தளிருமாகச் சிறு செடி முளைக்கும். ஜெர்மானியக் கவிஞர் கதே இச்செடியின்பால் பெருங்காதல் கொண்டு, தம் வீட்டில் வளர்த்து, இலைகளை நண்பர்களுக்குப் பரிசாக அனுப்பினார். வைமார் நகரத்து மாளிகைச் சாளரத்திலும் ஊவாவின் லயத்துச் சுவரிலும் ஒரே செடி ஒரே வித்தையைக் காட்டியிருக்கிறது. பார்த்தவருள் ஒருவர் புகழ் பெற்றார் என்பதே வேறுபாடு.

கதேயினும் நமக்கு அண்மையில் இச்செடியைக் கூர்ந்து நோக்கியவர் பெஞ்சமின் ஹெய்ன். மொராவிய மிஷனைச் சேர்ந்தவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணிபுரிந்தவர் அவர். ரணகள்ளி இலையைக் காலையில் கடித்தால் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் சற்றே கசக்கிறது என்பதை அவர் தம் நாவினாலேயே கண்டறிந்து எழுதினார். அக்குறிப்பு 1815 ஆம் ஆண்டில் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறியது. காரணம் பிற்காலத்தில் தெளிவாயிற்று. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அப்போது நீரும் ஆவியாகி வெளியேறும். ரணகள்ளி முதலியவை பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து, வாயுவை ஒருவகைப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேமித்துவைக்கும். விடியலில் இலை புளிப்பது அதனால்தான். பகல் ஒளியில் அவ்வமிலம் செலவாகிவிடவே புளிப்பும் மறைகிறது.

நீரைச் சிக்கனமாகச் செலவிடும் இவ்வியல்பு ஊவாவின் காலநிலைக்கு மிகப் பொருந்தியது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் பொழிந்துவிடும். முகடு தாண்டி ஊவாவுக்குள் இறங்குவது வறண்ட கச்சான் காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அக்காற்று வீசும் காலத்திலேதான் உலகம் விலை கொடுத்து வாங்கும் ஊவாத் தேயிலையின் மணம் கொழுந்தில் ஏறுகிறது. கொழுந்துக்கு மணம் ஏற்றும் அதே காற்றில் பீலியின் நீர் மெலிந்து போகும். மலையில் நின்று திரும்பிய பெண்கள் பீலிக்கரையில் குடத்தோடு காத்து நிற்கும் நாள்களில் பூச்செடிக்கு ஊற்ற நீர் ஏது? அரிசி களைந்த நீரில் ஒரு கை, பாத்திரம் கழுவிய நீரில் ஒரு கை, அவ்வளவே. ரோஜா அதில் வாடும், கற்றாழை வாடாது. துரை பங்களாவின் தோட்டத்தில் பூத்துக் குலுங்கிய மலர்கள் லயத்துக்கு வராமற் போனதற்கு இரசனைக் குறைவு காரணம் அன்று. நீரும் உரமும் தோட்டக்காரனும் பங்களாவுக்கு இருந்தன.

இத்தோட்டக் கலைக்கு நுட்பங்கள் இல்லாமல் இல்லை. பேணியின் அடியில் ஆணியால் நாலைந்து துளைகள் இடவேண்டும். மேலிருந்து குத்தினால் பிசிறு வெளிப்புறமாக அமைந்து நீர் தேங்காது. துளைகளின்மேல் உடைந்த ஓட்டுச் சில்லுகள், அதன்மேல் அடுப்புக் கரித்துண்டுகள், அதன்மேல் ஓடை மணல் கலந்த மண். தேயிலைக்கு உகந்த களிமண்ணைத் தனியே இட்டால் அது நீரைப் பிடித்துவைத்து வேரை அழுக்கிவிடும். ஒடித்த தண்டை உடனே ஊன்றாமல் இரண்டொரு நாள் நிழலில் காயவைத்து, வெட்டுவாய் ஆறியபின் ஊன்றுவதே முறை. தகரம் வெயிலில் கொதிக்கும். ஆகையால் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசுதல் நன்று, அல்லது சாக்குத் துண்டைச் சுற்றலாம். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் பேணிகளைக் கூரையிறப்பின்கீழ் ஒதுக்கிவிட வேண்டும். நிலத்தில் நட்ட செடிக்கு இந்த வசதி கிடையாது. துளையிடாத பேணி செடியைக் கொல்வதோடு நில்லாது. தேங்கிய நீரில் டெங்குக் கொசு பெருகும். கொசுப் பெருக்கத்துக்கு இடங்கொடுப்பதை இலங்கைச் சட்டம் 2007 முதல் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. அவ்வகையில் ஆணித்துளை சட்டத்துக்கும் உகந்தது.

உயரமானவை பின்னே, படர்பவை முன்னே என்று பேணிகளை அடுக்கும் வரிசையும், பழைய கொழுந்துக் கூடையில் கல்லை நிரப்பிப் பிரண்டையைப் படரவிடும் உத்தியும் புத்தகம் பார்த்துக் கற்றவை அல்ல. இருப்பதைக் கொண்டு கண்ணுக்கு இதமாக அமைத்தவை.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் சரிபாதியாக்கியது. பேச்சுவார்த்தை நடத்தியோர் மேசையில் மக்கள் இலக்கங்களாக இருந்தனர். லயத்தில் அவ்விலக்கங்கள் அண்ணனும் தம்பியுமாகப் பிரிந்தன. பதுளை நிலையத்திலும் பண்டாரவளை நிலையத்திலும் புகைவண்டி ஏறித் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் சென்ற குடும்பங்கள் பல. நூறாண்டு வாழ்ந்த இடத்திலிருந்து அவர்கள் எடுத்துச் செல்லக்கூடியது பெட்டியில் அடங்குவது மட்டுமே. பேணிகள் எஞ்சியோரின் இஸ்தோப்பில் எஞ்சின. செடிக்குப் பிரிவினை எளிது. ரணகள்ளியின் ஓர் இலை தாளில் மடித்த நிலையிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தாய்ச்செடிக்கும் அதனால் குறைவில்லை.

பின்வந்த காலத்தில் நிலைமை மெல்லவே மாறியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1990களில் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. லயம் லயமாகவே நின்றது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதுதான், இவர்கள் எத்தகைய சரிவில் குடியமர்த்தப்பட்டிருந்தனர் என்பதை நாடு திரும்பிப் பார்த்தது. அதன்பின் ஏழு பேர்ச் நிலமும் தனிவீடும் என்னும் கொள்கை வகுக்கப்பட்டு, இந்திய உதவியுடனும் அரசின் நிதியுடனும் மத்திய, ஊவா மாகாணங்களில் சில ஆயிரம் வீடுகள் எழுந்தன. ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். அது பெரும் நிலம் அன்று. எனினும் அதில் ஊன்றிய செடியை ஊன்றியவர் தமதென்று கூறலாம்.

அவ்வாறு குடியேறிய வீடுகளிலும் பேணிகள் மறையவில்லை. கற்றாழை வேலியோரத்து மண்ணில் இறங்கியிருக்கிறது. பத்துமணிப் பூ மட்டும் மதிற்சுவர்மீது பாத்திரத்திலேயே நிற்கிறது. பேணிக்குப் போட்டியாக இப்போது வெல்லச பக்கத்திலிருந்து வரும் எருமைத் தயிரின் மண்சட்டி வந்துள்ளது. மேற்பூச்சில்லாத அச்சட்டி நீரைக் கசியவிட்டு வேருக்குக் காற்றுத் தருவதால் தகரத்தினும் சிறந்தது. அடியில் துளையிடுவதற்குமுன் அதனை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஆணியை அறையாமல் சுழற்றிச் சுழற்றி மெல்லத் துளைக்க வேண்டும். இல்லையேல் சட்டி பிளந்துவிடும்.