புகையும் உரிமையும்

"என் வாய், என் பணம், என் புகை, இடையிலே அரசுக்கு என்ன வேலை?" - இப்படிக் கேட்கும் நண்பர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். கேள்வி கூர்மையானது. கேள்வி கேட்பதையே கடமையாகக் கொண்ட நாம், இதனைக் கேலி பேசித் தள்ளிவிடுதல் முறையன்று. வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்துப் பார்ப்போம்.

1604ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் அரியணையில் முதலாம் ஜேம்ஸ். புகையிலையைப் பழித்து நூலே எழுதினான் அம்மன்னன். எழுதியதோடு அமைந்தானா? பவுண்டு எடைக்கு 2 பென்சாக இருந்த சுங்கத்தை 6 ஷில்லிங் 10 பென்சாக உயர்த்தினான். ஒரே ஆணையில் 41 மடங்கு! மக்கள் விட்டனரா? இல்லை. பிறகு வர்ஜீனியாக் குடியேற்றத்தில் புகையிலை செழித்தது. கருவூலத்தில் காசு குவிந்தது. 1619இல் அதே மன்னன், இங்கிலாந்து மண்ணில் புகையிலை பயிரிடலாகாது என்று தடை விதித்தான். குடிமக்கள் நலம் கருதியா? அன்று, வர்ஜீனிய இலைக்குப் போட்டி எழுந்து சுங்க வருவாய் குறைந்துவிடலாகாதே என்று! புகை நாறிற்று, புகை தந்த பொன் மணத்தது.

துருக்கியில் சுல்தான் நான்காம் முராத், 1633இல் புகைப்போருக்கு மரணதண்டனை என்றான். ரஷ்ய நாட்டிலே புகையிலைக் குற்றத்துக்கு மூக்கை அறுக்கும் தண்டனை இருந்தது. தலைகள் உருண்டன, மூக்குகள் அறுபட்டன, புகை மட்டும் அடங்கவில்லை. 1697இல் ரஷ்யாவின் பீட்டர் மன்னனே புகையிலை வாணிபத்துக்கு வழி திறந்துவிட்டான்.

ஏன் தோற்றன இத்தடைகள்? ஆணை இருந்தது, ஆதாரம் இல்லை. தண்டனை இருந்தது, விளக்கம் இல்லை. மன்னனின் வெறுப்பே சட்டமாயிற்று. அத்தகைய சட்டத்தை உரிமையின் பெயரால் எதிர்த்தவன் இருந்திருப்பின், நாமும் அவன் பக்கமே நின்றிருப்போம்.

1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் எனும் ஆங்கிலப் பேரறிஞர், உரிமை பற்றிய தம் நூலில் எல்லைக்கோடு ஒன்று வகுத்தார். பிறருக்குத் தீங்கு நேரும்போதே ஒருவனது செயலில் தலையிட அரசுக்கு அதிகாரம் உண்டு; அவன் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டு அவனை அடக்கலாகாது என்றார். மதுவிலக்குச் சட்டங்களையும் எதிர்த்தார். ஆயினும், நஞ்சை விற்பவன் அது நஞ்சென்று எழுதி ஒட்டவேண்டும் எனக் கட்டாயப்படுத்துவது உரிமைக்கு முரணாகாது என்றும் அவரே சொன்னார். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

1950இல் பிரிட்டனின் டாலும் ஹில்லும், நோயாளிகளை ஆராய்ந்து, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை அதனை உறுதிப்படுத்தியது. மன்னனின் வெறுப்பு இருந்த இடத்திலே மருத்துவத்தின் கணக்கு வந்து நின்றது. 1965இல் அமெரிக்கா, சிகரெட்டுப் பெட்டிகளில் எச்சரிக்கை பொறிக்கவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. மில் சொன்ன நஞ்சுச்சீட்டு, நூறாண்டு கடந்து ஒட்டப்பட்டது!

வணிகர் வாளாவிருந்தனரா? 1954 சனவரியில், அமெரிக்க நாளேடுகள் நானூறுக்கு மேற்பட்டவற்றில் விளம்பரம் தந்து, தீங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்றனர். அதற்கு முன்பே, 1929இல், நியூயார்க் நகர வீதியிலே இளம்பெண்களைச் சிகரெட்டுடன் நடக்கவிட்டு, அதற்கு 'விடுதலைத் தீவட்டி' என்று பெயரும் சூட்டினர். ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். பணம் தந்தது சிகரெட்டு நிறுவனம். பெண்ணுரிமை எனும் பொன்மொழியை விற்பனைச் சரக்காக்கிய கொடுமையைப் பாரீர்! 2006இல் அமெரிக்க நீதிமன்றம், பெரும் புகையிலை நிறுவனங்கள் பல்லாண்டுக் காலம் மக்களை ஏய்த்தன என்றே தீர்ப்பளித்தது. ஏய்க்கப்பட்டவனின் தேர்வு, உரிமையின் தேர்வாகுமா? 1988இல் நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என அறிவிக்கப்பட்டது. விலங்கைப் பூட்டிவிட்டு விடுதலை பேசுவதா?

இன்னொரு சாட்சியும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா, புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 1981இல் முடிவை வெளியிட்டார். கணவன் மிகுதியாகப் புகைத்த வீட்டிலே, மனைவியின் நுரையீரலிலே புற்றுநோய் மிகுந்தது! புகைத்தவன் அவன், புண்பட்டவள் அவள். "என் வாய், என் புகை" என்ற வாதம் இங்கே சாம்பலாகிறது. 2004இல் அயர்லாந்து பணியிடங்களில் புகைத்தலைத் தடுத்ததும், 2008 அக்டோபர் 2 முதல் இந்தியாவில் பொது இடத் தடை நடைமுறைக்கு வந்ததும் இந்த நியாயத்தால்தான்.

எனவே நாம் சொல்வது இதுவே: புகைப்பவனைக் குற்றவாளி ஆக்காதீர், முராத்தின் வாள் நமக்கு வேண்டாம். விற்பவனின் பொய்யைத் தடுத்திடுக; அருகிருப்போரின் மூச்சைக் காத்திடுக; உண்மையை ஊரறியச் சொல்லிடுக. அரசையும் விட்டுவிடலாகாது. ஒரு கையில் எச்சரிக்கைப் பலகை, மறு கையில் வரிப்பெட்டி என்று நிற்கும் அரசு, ஜேம்ஸ் மன்னனின் வாரிசன்றோ?

உரிமை கேட்கும் இளைஞனே, கேள்! ஆனால் உதட்டில் புகைவது உன் விருப்பமா, பிறன் இலாபமா என்பதையும் சேர்த்துக் கேள்!