பவர் ஹவுஸுக்குள் ஒரு சாலை

லாஸ் வேகாஸிலிருந்து கிராண்ட் கேன்யன் போகும் வழியில், அரிசோனாவின் கிங்மன் ஊரில் மகனை வண்டியை நிறுத்தச் சொன்னேன். அங்கே 'ரூட் 66' நெடுஞ்சாலைக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. என்னை இழுத்தது சாலை அல்ல, அருங்காட்சியகம் குடியிருக்கும் பழைய பவர் ஹவுஸ். முப்பத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் நான்.

1907இல் கட்டத் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். எண்ணெய் எரித்து நீராவி எடுத்து, ஊருக்கும் சுற்றியிருந்த சுரங்கங்களுக்கும் மின்சாரம் கொடுத்தது. 1938இல் ஹூவர் அணையின் மலிவான மின்சாரம் வந்ததும் பாய்லரை அணைத்துவிட்டார்கள். சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை சுமார் 3,900 கிலோமீட்டர் நீளும் ரூட் 66 முழுவதற்கும் தளம் போட்டு முடித்ததும் அதே 1938இல்தான். கட்டடத்தைப் புதுப்பித்து 1997இல் திறந்தார்கள். 2001இல் அருங்காட்சியகம் வந்தது.

உள்ளே, புழுதிப் புயலுக்குத் தப்பி ஓடிவந்த ஒரு குடும்பத்தை ஆளுயரப் பொம்மைகளாக நிறுத்தியிருக்கிறார்கள். லாரி நிறையத் தட்டுமுட்டுச் சாமான், அதற்கு மேல் மெத்தை. அந்த இடத்தை விட்டு எனக்கு நகர மனம் வரவில்லை. 1930களில் மழை பொய்த்து, மண் பறந்து, ஓக்லஹோமா பக்கத்துக் குடியானவர்கள் பிழைப்புத் தேடி இந்தச் சாலையில்தான் மேற்கே போனார்கள். கிங்மனைத் தாண்டினால் ஓட்மன் மலை ஏற்றம். பழைய ஃபோர்டு மாடல் டி வண்டியில் பெட்ரோல் பம்பு கிடையாது. சீட்டுக்கு அடியிலிருக்கும் டாங்கிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து இஞ்சினுக்குப் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டால் பெட்ரோல் இறங்காது. அதனால் ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள். பிள்ளைகுட்டிகளோடு, பின்பக்கமாக! அப்படி வந்தவர்களையும் 1936இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் கலிபோர்னியா மாநில எல்லைக்கே ஆள் அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி விரட்டியது. ஏழையை எல்லையில் மறிக்க எந்தச் சட்டம் சொன்னாலும் அது அநியாயம்தான்.

அருங்காட்சியகத்தில் 1950களின் பளபளப்பான காரும் உண்டு. அது என் மகனுக்குப் பிடித்தது.

ரூட் 66க்குப் பிறகு அகலமான ஐ-40 நெடுஞ்சாலை வந்தது. 1978இல் அது பழைய சாலையில் இருந்த செலிக்மன் ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. 1985இல் ரூட் 66 என்ற எண்ணையே நீக்கிவிட்டார்கள். செலிக்மனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடில்லோ சும்மா இருக்கவில்லை. 1987இல் ஊராரைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். அந்த வருஷமே செலிக்மன் முதல் கிங்மன் வரையுள்ள பகுதியை வரலாற்றுச் சாலையாக அரிசோனா அரசு அறிவித்தது.

கிராண்ட் கேன்யன் போகிறவர்கள் கிங்மனில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். அங்கிருந்து பீச் ஸ்பிரிங்ஸ் வழியாக செலிக்மன் வரை 140 கிலோமீட்டர், பழைய சாலையிலேயே போங்கள். இன்றும் அதில் வண்டி ஓடுகிறது.